நடு நாற்காலி

சேவூர்,
9.6.2002

அன்புள்ள என்னவருக்கு,

திலகா எழுதுவது. இங்கே அத்தை, கற்பகம், குழந்தை, நான் எல்லோரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை உங்கள் கடிதத்தில் நாலு பக்கமும் தேடிப் பார்த்தேன். ஒயர், ஸ்பீக்கர், மறுபடியும் ஒயர். கடைசியில் "நீயும் ப்ரியாவும் எப்படி" என்று ஒரே ஒரு வரி. சரி, அதையாவது எழுதினீர்களே.

உங்கள் நண்பர் சரவணன் முந்தாநாள் பெட்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். ஷார்ஜாவிலிருந்து சென்னை வரைக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்தான் ஒரு பெட்டியைத் தலைகீழாக வைத்துவிட்டாராம். அத்தை ஒவ்வொரு பெட்டிக்கும் குங்குமம் வைத்துவிட்டு, "ஒரு பாட்டு கேக்கறதுக்கு ஆறு பொட்டியாடி? இவன் இன்னா கல்யாண மண்டபமா கட்டிகினு கீறான்?" என்றார். சொல்லும்போது பெருமையில் முகம் மின்னியது. தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியாயிற்று.

நம் மகள் அந்தப் பெரிய பெட்டியை, தம்மென்று அதிரும் கீழ்ச் சத்தத்துக்கென்று எழுதியிருந்தீர்களே, அதைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. நீங்கள் போனபோது குப்புற விழத் தெரிந்திருந்தது. இப்போது ஓடுகிறாள். பிடிக்க முடியவில்லை. பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. "அம்மா" கூட இல்லை. எனக்குக் கவலையாக இருக்கிறது என்றால் அத்தை, "உன் புருஷனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். அப்புறம் மூடவே இல்ல" என்கிறார். நான் சிரித்துவிட்டேன்.

தொட்டில் இன்னும் தறிக்கூடத்தில்தான். நாலு பவர்லூமும் ஓடும்போது அசையாமல் தூங்குகிறாள். வருகிறவர்கள் எல்லாம் வியக்கிறார்கள். "தறிக்காரன் வூட்டுப் பொண்ணு, தாலாட்டே வேணாம்" என்று அத்தை சொல்லிக்கொள்ளாத நாள் இல்லை.

ஏன் போனில் பேசாமல் எழுதுகிறேன் என்று கேட்காதீர்கள். போன் தறிக்கூடத்துச் சுவரில் இருக்கிறது. நீங்கள் "இன்னா? இன்னா?" என்று கத்துவீர்கள், நான் "நல்லா கீறோம்" என்று கத்துவேன், அதோடு சரி. தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமை ரிசீவர் என் கைக்கு வருவதில்லை. எல்லோரும் படுத்த பிறகு இந்தப் பேனாதான் எனக்கு.

தீபாவளிக்கு வருகிறீர்கள் அல்லவா? அதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

உங்கள்
திலகா


ஷார்ஜா,
24.6.2002

அன்புள்ள திலகா,

தீபாவளிக்கு வருகிறேன். பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன், போதுமா?

நான் வரும்வரை பெட்டிகளைப் பிரிக்காமல் வைக்க வேண்டாம். கேபிள் டிவி சடையப்பனைக் கூப்பிடு. அவனுக்குக் கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். நீ பிசிக்ஸ் படித்தவள், உனக்குப் புரியும், அவனுக்கு நீ சொல். மாடி அறையில் டிவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, டிவிக்கு மேல் ஒன்று, பின்சுவரில் இரண்டு. எல்லாம் உட்கார்ந்தவர் காது மட்டத்தில் இருக்கட்டும், பின்னால் இருப்பவை மட்டும் கொஞ்சம் உயரம். சிவப்பு ஒயர் சிவப்பில், கறுப்பு கறுப்பில். மாறினால் சத்தம் உள்ளே ஒன்றும் இல்லாத டப்பா மாதிரி ஆகிவிடும். சுவரில் பழைய ஜமுக்காளங்களைத் தொங்கவிடு, எதிரொலி அடங்கும். கதவிடுக்கில் கோணி அடித்துவிடு, கீழே தறி ஓடுவது மேலே தெரியக் கூடாது.

இந்த அறைதான் என் கடைக்கு முதல் விளம்பரம், திலகா. இன்னும் எத்தனை நாள் அடுத்தவன் மாளிகையில் சோபாவுக்குப் பின்னால் முட்டி போட்டு ஒயர் இழுப்பேன்? ஊரில் பட்டு வியாபாரிகள் வீட்டில் எல்லாம் பெரிய டிவி வந்தாயிற்று. சத்தத்துக்கு ஆள் இல்லை. நான் வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டால், முதலில் நம் வீட்டு மாடியில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லித்தான் விற்பேன்.

எல்லாம் மாட்டியதும் அறைக்கு நட்டநடுவில் ஒரு நாற்காலி போடு. அது என் நாற்காலி. நான் வரும்வரை ப்ரியா அதில் உட்காரட்டும். ரிமோட்டில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால், உஸ்ஸென்று மழை மாதிரி ஒரு சத்தம் ஒவ்வொரு பெட்டியிலிருந்தாக வரும். இடது, நடு, வலது, அப்புறம் பின்னால் வலது, பின்னால் இடது. இங்கே நான் எந்த வீட்டிலும் முதலாளியைக் கேட்பதில்லை, அவர் குழந்தையைத்தான் நடுவில் உட்கார வைப்பேன். பெரியவர்கள் மரியாதைக்கு "சூப்பர்" என்பார்கள். குழந்தை தலையைத் திருப்பினால் பெட்டி சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். என் மகள் தலை எப்படித் திரும்புகிறது என்று பார்த்து எழுது.

அம்மாவுக்கும் தங்கச்சி கற்பகத்துக்கும் சொல். ப்ரியாவுக்கு முத்தம்.

உன்
சந்திரமோகன்


சேவூர்,
14.7.2002

அன்புள்ள என்னவருக்கு,

நீங்கள் சொன்னபடியே மாட்டியாயிற்று. சடையப்பன் உங்கள் படத்தை விரித்துப் பார்த்து, "அண்ணி, இது வூட்டுக்கு வரைஞ்சதா, ராக்கெட்டுக்கா?" என்றார். ஆனாலும் அளவு பிசகாமல் செய்தார். ஜமுக்காளம் போதாமல் அத்தையின் கல்யாண ஜமுக்காளத்தையும் வாங்கி மாட்டினோம். கதவைச் சாத்தினால் தறிச் சத்தம் எங்கோ தூரத்தில் ஓடுகிறது. இந்த வீட்டுக்கு வந்த நாளாக நான் கேட்காத அமைதி அது.

நாற்காலி போட்டேன். ப்ரியாவை உட்கார வைத்தேன். கையில் ஒரு முறுக்கு கொடுத்தேன், இறங்கி ஓடாமல் இருக்க. பட்டனை அழுத்தினேன்.

இடது பெட்டியில் உஸ்ஸென்றது. முறுக்கைக் கடித்தாள். நடுவில் வந்தது, வலதில் வந்தது. முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்தபோது சடையப்பன் திரும்பினார், நான் திரும்பினேன், வாசற்படியில் நின்ற அத்தை திரும்பினார். அவள் திரும்பவில்லை.

முறுக்கினால்தான் என்று அதை வாங்கிவிட்டு மறுபடி செய்தேன். முறுக்குக்காக அழுதாள். சத்தத்தை ஏற்றினேன். சடையப்பன் காதைப் பொத்திக்கொண்டு, "அண்ணி, போதும் அண்ணி, கொறச்சிடுங்க" என்றார். அப்போது எங்கள் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், என்ன ஆயிற்று இவர்களுக்கு என்கிற மாதிரி.

பிறகு பாட்டுப் போட்டோம். கீழ்ச் சத்தம் வந்ததும் அந்தப் பெரிய பெட்டியிடம் ஓடினாள். வயிற்றை அதில் ஒட்டிக்கொண்டு கலகலவென்று சிரித்தாள். அத்தைக்கு உயிர் வந்தது. "பாத்தியா, கேக்காமலா சிரிக்குது? நீ சும்மா பேஜார் பண்ணாத" என்றார். நானும் அப்படித்தான் நம்பப் பார்த்தேன். ஆனால் பெட்டியை விட்டு ஒரு அடி தள்ளித் தூக்கினால் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஒட்டினால் சிரிக்கிறாள். அது காது இல்லைங்க. அது வயிறு.

இன்னொன்றும் எழுத வேண்டும். நம் தெருவில் கரண்ட் போனால் எல்லாத் தறியும் ஒரே நொடியில் நிற்கும். அப்போது தொட்டிலில் தூங்குகிற குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு வீட்டுக்கு வீடு அழும். சத்தத்திலேயே தூங்கிப் பழகியவை, சத்தம் நின்றால் பயந்துவிடும். எதிர்வீட்டுக் குழந்தை அழும், பக்கத்து வீட்டுக் குழந்தை அழும். நம் ப்ரியா தூங்கிக்கொண்டிருப்பாள். நானும் அத்தையும் இதையும் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தோம், "எங்க வூட்டுது எதுக்கும் அசையாது" என்று.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேலூருக்குக் கூட்டிப் போய்க் காதைக் காட்டட்டுமா? என்னோடு கல்லூரியில் படித்த ஜாக்குலின் அங்கே டீச்சராக இருக்கிறாள், துணைக்கு வருவாள். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் அத்தை தடுக்க மாட்டார். சீக்கிரம் எழுதுங்கள்.

திலகா


ஷார்ஜா,
2.8.2002

அன்புள்ள திலகா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வேளை சாப்பிடவில்லை. பிறகு யோசித்தேன். நீ பயந்த சுபாவம். கல்யாணத்துக்கு முன்னாலேயே உன் அண்ணன் சொன்னார்.

பின்சுவர்ப் பெட்டிகளில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும். சடையப்பன் வாயடித்துக்கொண்டே மாட்டியிருப்பான். அப்படி மாறினால் சத்தம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது, யார் தலையும் திரும்பாது. முதலில் அதைப் பார். ஜமுக்காளம் அதிகமானாலும் சத்தத்தை உறிஞ்சிவிடும், இரண்டைக் கழற்று. குழந்தைக்குப் புது அறை, புது ஆள், கையில் முறுக்கு வேறு. எப்படித் திரும்புவாள்?

டாக்டரிடம் போகாதே. வெளியே யாரிடமும் பேசாதே. பெரணமல்லூரிலிருந்து கற்பகத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள், உனக்குத் தெரியாததா? அண்ணன் குழந்தைக்குக் காது சரியில்லையாம் என்று ஒரு வார்த்தை போனால், வம்சத்திலேயே இருக்கிறதா என்று கேட்பார்கள். என் தங்கை வாழ்க்கை.

எனக்குச் சோறு போடுவது என் காது. என் மகளுக்குக் காது இல்லை என்கிறாய். தீபாவளிக்கு வந்து நானே உட்கார வைத்துப் பார்க்கிறேன். நான் மாட்டினால் திரும்புவாள்.

சந்திரமோகன்


சேவூர்,
25.8.2002

ஜெயப்ரியாவின் அப்பாவுக்கு,

சிவப்பு சிவப்பில்தான் இருக்கிறது. கறுப்பு கறுப்பில்தான் இருக்கிறது. ஐந்து பெட்டியையும் நானே கழற்றிப் பார்த்து மாட்டினேன். ஜமுக்காளத்தையும் கழற்றினேன். இரண்டு இல்லை, எல்லாவற்றையும்.

பிறகு வேலூருக்குப் போனேன். உங்களைக் கேட்காமல் போனது இதுதான் முதல் தடவை. அத்தையிடம் ஜாக்குலினைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அதில் பாதி உண்மை.

குழந்தைக்குத் தூக்கத்துக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். தூங்கிய பிறகு நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். அதிலும் சிவப்பு, கறுப்பு. காதில் சத்தம் கொடுத்து, அது மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். சேர்ந்தால் கோடு மேடும் பள்ளமுமாக வருமாம். சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். கோடு நேராகவே போனது. இரண்டு காதும். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு, எங்கேயாவது ஒரு இடத்தில் எழும்பிவிடாதா, ஒரு சின்ன மேடு, என்று பிள்ளையாரை வேண்டினேன்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். பிறவியிலேயே இப்படி. தறிச் சத்தத்தால் வந்தது இல்லை. ஆனால் தறி வீடாக இருந்ததால்தான் உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது என்றார். "கதவு அடிச்சா திடுக்கிட்டுத் திரும்பறாளான்னு மத்த வீட்டுல பாப்பாங்கம்மா. உங்க வீட்டுல எந்தக் கதவு அடிக்கற சத்தம் கேக்கும்?" என்றார்.

நெஞ்சில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு காது மிஷின் கொடுத்திருக்கிறார்கள். அதில் கொஞ்சம் ஏதாவது போய்ச் சேரலாம், நிச்சயம் இல்லை. வேலூரிலேயே ஒரு வகுப்பு இருக்கிறது. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து தினமும் வர வேண்டும். மூன்று வயதுக்குள் பேச்சுக்கு வழி போட்டுவிட வேண்டும், அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் கதவு மூடிக்கொண்டே வரும் என்றார்கள். ஜனவரியில் சேர்க்கச் சொல்கிறார்கள்.

மிஷினைப் பார்த்ததும் அத்தைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "கிரகணத்தன்னிக்கு வெளிய போவாதடின்னு தலபாடா அடிச்சிகினேன்" என்றார். பெண் பார்க்க வருகிறவர்கள் வந்து போகும்வரை குழந்தையை மாடியிலேயே வைத்திரு என்கிறார். உங்கள் ஹோம் தியேட்டருக்கு இப்போது அதுதான் உபயோகம்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்குக் கோபப்படக்கூட ஆள் இல்லை. நீங்கள் முன்னாலேயே லீவு கேட்டு வாருங்கள். என்னோடு சேர்ந்து அந்தக் கோட்டை ஒரு தடவை பாருங்கள். தனியாகப் பார்த்துவிட்டு வந்தது எனக்கு ஆறவே இல்லை.

திலகவதி


ஷார்ஜா,
20.9.2002

திலகா,

போன வாரம் ஒரு வீட்டில் வேலை. ஆறு பெட்டி, நம் வீட்டில் இருப்பதே. வழக்கம்போல அந்த வீட்டுக் குழந்தையை நடுவில் உட்கார வைத்தேன். ப்ரியா வயதுதான் இருக்கும். பட்டனை அழுத்தினேன். இடதுக்குத் திரும்பியது. வலதுக்குத் திரும்பியது. பின்னால் வந்ததும் சோபாவில் ஏறி நின்று, தனக்குப் பின்னால் யார் என்று பார்த்துச் சிரித்தது. நான் சோபாவுக்குப் பின்னால் முட்டி போட்டுக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கூட வந்தவன்தான் வேலையை முடித்தான்.

தீபாவளிக்கு வரவில்லை. இங்கேயே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். கடையைப் பற்றி யாராவது கேட்டால் இப்போதைக்கு இல்லை என்று சொல்.

பெட்டிகளைக் கழற்றி, வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டுக் கட்டிவை. தூசி படாமல். அந்த அறையில் என்னால் உட்கார முடியாது.

உனக்கு எது சரியென்று படுகிறதோ செய். தடுக்க மாட்டேன். ஆனால் கொஞ்ச நாளைக்குக் குழந்தையைப் பற்றி எழுதாதே. ஊர் சேதி எழுது, மழை பெய்ததா எழுது. என்னை விடு.

சந்திரமோகன்


சேவூர்,
13.10.2002

ஜெயப்ரியாவின் அப்பாவுக்கு,

மழை பெய்தது. கற்பகத்தை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. தை மாதம் கல்யாணம். ஊர் சேதி முடிந்தது. இனி நீங்கள் எழுதாதே என்றதை எழுதுகிறேன், மன்னியுங்கள். எழுத வேண்டிய காரணம் ஒன்று வந்துவிட்டது.

பெட்டிகளைக் கழற்ற சடையப்பன் வந்தார். கழற்றுவதற்கு முன் எல்லாம் வேலை செய்கிறதா என்று மைக்கை மாட்டி, "அலோ, அலோ, சேவூர் மகா ஜனங்களே" என்று விளையாட்டாகப் பேசினார். ப்ரியா பெரிய பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டிருந்தாள். அவர் பேசினதும் கண்ணை அகல விரித்தாள். நிறுத்தினார், கையைப் பார்த்தாள். மறுபடி பேசினார், சிரித்தாள். பேச்சு அவள் கைக்குப் போகிறது! மைக்கைப் பிடுங்கி நான், "ப்ரியா, ப்ரியா, ஜெயப்ரியா" என்று கூப்பிட்டேன்.

ஒன்றும் இல்லை. பெட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெட்டிக்குக் கீழ்ச் சத்தம் மட்டும்தான் போகும். பெண் குரல் அதற்குள் இறங்காது. நான் எவ்வளவு அடித்தொண்டையில் பேசியும் வரவில்லை. அத்தை ஆண் குரல் மாதிரி பேசிப் பார்த்தார், பாவம். வரவில்லை. ஆண் குரல்தான் வேண்டும்.

சடையப்பன், "நானே தெனம் வந்து கூப்புடறேன் அண்ணி, எனக்கு இன்னா வேலை" என்கிறார். நல்ல மனுஷர். ஆனால் தன் பெயர் என்று ஒன்று இருப்பதை அவள் முதல் முதலாக வேறொருவர் குரலிலா தெரிந்துகொள்ள வேண்டும்?

நீங்கள் வர வேண்டாம். இரண்டு வருஷம் இருங்கள், நான்கு வருஷம் இருங்கள். ஒரு கேசட் மட்டும் அனுப்புங்கள். அவள் பெயரை மட்டும் சொல்லுங்கள். நிறுத்தி நிறுத்தி, பத்துத் தடவையோ நூறு தடவையோ. வேறு எதுவும் சொல்ல வேண்டாம். என் பெயர் வேண்டாம். வகுப்பு தொடங்குவதற்குள் கிடைத்தால், பெயரோடு போவாள்.

ஐந்து பெட்டியையும் கட்டிவைத்துவிட்டேன். அந்த ஒன்றையும் நாற்காலியையும் மட்டும் கட்டவில்லை. காத்திருக்கிறோம்.

திலகவதி


சேவூர்,
29.12.2002

திரு. சந்திரமோகன் அவர்களுக்கு,

கேசட் கிடைத்தது. மறுபடி ஊருக்கு வந்த சரவணன் நேற்று கொண்டுவந்து கொடுத்தார். யாரிடமும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். நாற்காலியில் நான் உட்கார்ந்துகொண்டேன். அவளைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கையை எடுத்து அதன் மேல் வைத்தேன்.

டேப் ரெக்கார்டரிலிருந்து பெட்டிக்கு ஒயர் கொடுத்திருந்தேன், டேப்பிலேயே எனக்கும் கேட்டது; முதலில் உஸ்ஸென்று ஓடியது. பிறகு ஏசி ஓடுகிற சத்தம். நீங்கள் தொண்டையைச் சரிசெய்துகொண்டீர்கள். நாற்காலியை இழுத்தீர்கள். ஒரு தடவை மூச்சை நன்றாக இழுத்து, உதடு சேர்கிற சத்தம் கேட்டது. "ப்" என்று. அதற்கு மேல் வரவில்லை. பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள், நீங்கள் பதில் பேசவில்லை. மறுபடி ஏசி. மறுபடி ஒரு தடவை உதடு சேர்ந்தது. அப்படியே முடிந்தது. திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் ஏசிதான்.

ஒருவேளை கேசட் மாறிவிட்டதோ என்று சரவணனை வீட்டுக்கே போய்க் கேட்டேன். "இல்ல அண்ணி, அண்ணந்தான் கையில குட்த்தாரு. தெனம் வேலை வுட்டு வந்து ரூமைச் சாத்திகினு அதையேதான் ரெகார்டு பண்ணிகினு இருந்தாரு. நாங்க பாட்டு பாடறாருன்னு கிண்டல் பண்ணோம்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் முயற்சி செய்தீர்கள், அது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டு என்ன செய்ய?

நாளை காலை பஸ்ஸில் வேலூருக்குப் போகிறோம். ஜாக்குலின் வீட்டில் ஒரு அறை இருக்கிறது. கற்பகம் கல்யாணத்துக்கு நாங்கள் வராமல் இருப்பதே நல்லது என்று அத்தை நினைக்கிறார். சொல்லவில்லை, கல்யாணம் முடியும்வரை காணும்படி இன்றே பொட்டலம் கட்டிக் கொடுத்த பொடியிலும் ஊறுகாயிலும் தெரிந்தது. மாடிச் சாவி அவரிடம் இருக்கிறது. ஐந்து பெட்டியும் தூசி படாமல் இருக்கின்றன. ஜமுக்காளத்தைத் துவைத்துக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெரிய பெட்டியை மட்டும் எடுத்துப் போகிறேன். சடையப்பன் ஆரணி வரைக்கும் கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்றிருக்கிறார். கேட்காமல் எடுத்ததற்கு மன்னிக்கவும்.

வேலூர் முகவரியை எழுதவில்லை. வேண்டுமானால் அத்தையிடம் இருக்கிறது.

கேசட் ஓடும்போது அவள் என்ன செய்தாள் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். சடையப்பன் பேசினது நினைவிருந்தது போலிருக்கிறது. இரண்டு கையையும் பெட்டியின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, சிரிக்கத் தயாராக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் வைத்திருந்தாள். பிறகு கையை எடுத்தாள். கவுனில் துடைத்துக்கொண்டாள். எழுந்து கதவண்டை போய், திறக்கச் சொல்லித் தட்டினாள்.

திறந்துவிட்டேன்.

திலகவதி